பெத்லகேம் பாடிய தஞ்சைக் கவிராயர்

குறவஞ்சி என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன திருக்குற்றால மலையும் திரிகூடராசப்பக் கவிராயரின் செய்யுளுமே. பந்தாடும் வசந்தவல்லியும், மலைவளம் கூறும் சிங்கியும், அவளைத் தேடி அலையும் சிங்கனும் அந்நூலைக் கற்றார் எவர் நெஞ்சையும் விட்டு அகலார். பால பண்டித வகுப்பிலே சிற்றிலக்கியம் கற்பிக்கும் நானும் ஆண்டுதோறும் குற்றாலத்திலிருந்தே தொடங்குவேன். அப்பாடம் முடிந்த பின்னர், இதே குறத்தி கூடையும் மாத்திரைக் கோலுமாகப் பெத்லகேமுக்குப் போன கதை தெரியுமா என்று மாணாக்கரைக் கேட்பது வழக்கம். சைவப் பிள்ளைகள் சிரிப்பர். கிறித்தவப் பிள்ளைகளோ அவர்களினும் மிகுதியாக வியப்பர். தம் கோயிலில் ஞாயிறுதோறும் பாடப்படும் கீர்த்தனங்களுட் பலவற்றை இயற்றியவரே அக்குறத்தியையும் அழைத்துச் சென்றவர் என்பதை அவர்களுட் பலர் அறிந்திலர்.

அவர் பெயர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். இவரை, ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு மயங்குவோர் இன்றும் உளர்; பரீட்சை விடைத்தாள்களில் இருவரும் ஒருவராகிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிள்ளையவர்கள் 1826ஆம் ஆண்டிற் பிறந்த கத்தோலிக்கர். நீதிமன்றத்தில் முன்சீப்பாக இருந்தவர். சாஸ்திரியாரோ அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். பாடுவதையும் படிப்பிப்பதையும் அன்றி வேறு தொழில் அறியாதவர்.

நான் சைவ மரபிற் பிறந்தவன். ஆயினும் சாஸ்திரியாரின் வாழ்க்கையை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சமயத்தைப் புதிதாகத் தழுவிய குடும்பத்தில் வந்தவன் ஒருவன், தன்னைச் சுற்றியுள்ள ஆடலையும் பாடலையும் கூத்தையும் திருவிழாவையும் என் செய்வது? முற்றாகத் துறப்பதா, முற்றாகத் தழுவுவதா, தெரிந்தெடுப்பதா? தெரிந்தெடுப்பதாயின் எந்த உரைகல்லிலே உரைத்துப் பார்ப்பது? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இதனைத் தொண்ணூறாண்டு வாழ்ந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார் எனின், அவர் எங்கே வென்றார், எங்கே தவறினார் என்று அறிவது எச்சமயத்தார்க்கும் பயனுடைத்து.

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலே பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை என்னும் சைவ வேளாளர். கிறித்தவராகித் தேவசகாயம் எனப் பெயர் பெற்றவர். குற்றாலக் குறவஞ்சி பிறந்த சீமையும் அதுவே என்பதை மறத்தல் கூடாது. குறவஞ்சியும் பள்ளும் சிந்தும் அந்நாட்டு மக்கள் வாயிலே நடமாடிய காலம் அது. பின்னாளில் அவர் பாட்டிலே துள்ளும் சந்தங்கள் பலவற்றை அவர் நூல் படித்துப் பெற்றிருக்கத் தேவையில்லை. தெருவிலே நின்றே பெற்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அவருக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வயதாயிருக்கையில், செருமானிய நாட்டுப் பாதிரியார் சுவார்ட்சு ஐயர் திருநெல்வேலிக்கு வந்தார். 1750ஆம் ஆண்டிலே தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் அவர். தமிழும் மராத்தியும் பிறமொழிகளும் அறிந்தவர். மன்னர்களும் கும்பினியாரும் நம்பித் தூது அனுப்பத்தக்க நேர்மையாளர். சிறுவனின் கூர்மையைக் கண்டு, தந்தையின் இசைவு பெற்றுத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் பிள்ளைபோல் வளர்த்தார். அதே காலத்தில் அவரது பாதுகாப்பில் இருந்த மற்றொரு சிறுவன், துளசா மன்னர் மகன்மை கொண்ட சரபோசி. ஒருவன் அரசுக்கு உரியவன். மற்றவன் உபதேசியாரின் மகன். இருவர்க்கும் ஆசான் ஒருவரே. இந்தத் தொடர்பு இருவர் வாழ்விலும் இறுதிவரை நின்றது.

பின்னர் சாஸ்திரியார் தரங்கம்பாடியிலே இறையியல் பயின்றார். அங்கு அந்நாளில் இறையியல் தனித்து நிற்கவில்லை. யோன் ஐயர் முதலியோர் இயற்கை நூலில் ஆழ்ந்த ஈடுபாடுடையோர். ஆகவே, வானநூலும் பூகோளமும் உடற்கூறும் அம்மாணாக்கனுக்குக் கிடைத்தன. இருபது வயதை அடையுமுன்னரே தஞ்சைக்கு மீண்டு, மிசன் கல்விச்சாலைக்குத் தலைமையாசிரியரானார். 1798ஆம் ஆண்டு பெப்புருவரியில் சுவார்ட்சு ஐயர் மறைந்தார். அதே ஆண்டில் சரபோசி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே ஆட்சிப் பொறுப்பு உடன்படிக்கையின்படி கும்பினியார் கைக்குப் போயிற்று. வாளை இழந்த மன்னர் நூலையும் இசையையும் பற்றிக்கொண்டார். சரசுவதி மகாலின் பெருமை அவரால் வளர்ந்தது. சைவத்தை விடாத அம்மன்னரே, தம் கிறித்தவ ஆசானின் மரணப் படுக்கையருகில் தாம் நிற்பதாகப் பளிங்குச் சிற்பம் ஒன்றை இலண்டன் சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு செய்வித்துத் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் வைத்தார். அக்காலத் தஞ்சையின் காற்று எத்தகையது என்பதற்கு இச்சிற்பமே சான்று.

அன்றைய தஞ்சை இசையாலே நிறைந்த நாடு. சில கல் தொலைவில் திருவையாற்றிலே தியாகராசர் வாழ்ந்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் அரசவையிலே நாட்டியத்துக்கு முறை வகுத்தனர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் அதற்கு முன்னைத் தலைமுறையிலேயே மக்கள் உள்ளத்தில் இடம்பிடித்திருந்தன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைந்த பாட்டு, கற்றார்க்கும் கல்லார்க்கும் பொதுவாயிற்று.

இந்நகரில் கிறித்தவர் என்ன பாடினர்? 1706ஆம் ஆண்டில் சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்த காலந்தொட்டு, செருமானிய ஞானப்பாட்டுகளைத் தமிழ்ச் சொல்லாற் பெயர்த்து, செருமானிய மெட்டிலேயே பாடிவந்தனர். பொருள் உயர்ந்ததே, பிழையொன்றும் இல்லை. ஆயினும் தமிழ்ச் சொல் அயல் மெட்டிலே ஏறும்போது குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும், அசை முறியும். சட்டை பெரியதாயும் கால் சிறியதாயும் தைக்கப்பட்ட உடுப்பை அணிந்த குழந்தைபோல அப்பாட்டு தடுமாறும். கோயிலில் அதைப் பாடிவிட்டு வீடு திரும்புவோன், வயலிலும் வாசலிலும் தன்னையறியாமல் முணுமுணுப்பது வேறு பாட்டாக இருந்திருக்கும். சாஸ்திரியார் கண்ட குறை இதுவே என்று நான் கருதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு செவியும் மற்றை ஆறு நாளும் வேறு செவியுமாக ஒருவன் வாழ இயலாது.

அவர் அக்குறையை நீக்கிய வகை துணிவானது. வீரமாமுனிவர் அவருக்கு முன்னரே தேம்பாவணி பாடியிருந்தார். அது புலவர் ஏறும் மலை, பெருங்காப்பிய மரபு. சாஸ்திரியார் மலையேறவில்லை, தெருவுக்கு இறங்கினார். கும்மி, நொண்டி நாடகம், குறவஞ்சி, உலா, அந்தாதி, கீர்த்தனம் என மக்கள் கூடிக் கேட்கும் வடிவம் ஒவ்வொன்றையும் எடுத்தார். நோவா பேழை செய்த கதையைத் தச்சர் தொழிற்பாட்டாக்கி ஞானத்தச்ச நாடகம் பாடினார். நொண்டி நாடகத்தின் கதை நேயர்கள் அறிந்ததே. பரத்தைவயப்பட்டுப் பொருளிழந்த கள்வன், குதிரை திருடப் போய்க் கால் வெட்டுண்டு, இறுதியில் இறையருளாற் கால் பெற்றுத் தன் பழங்கதையைத் தானே ஒற்றைக் காலில் நின்று சொல்வான். மனந்திரும்பிய பாவியின் கதைக்கு இதனினும் பொருந்திய சட்டகம் வேறு எங்கே உண்டு? அதனைக் கண்டு ஞான நொண்டி நாடகமாக்கிய கண்ணே கவிஞன் கண்.

ஆயினும் பெத்லகேம் குறவஞ்சியே அவர் துணிவின் உச்சி. இது 1800ஆம் ஆண்டளவில் எழுந்தது. குறவஞ்சி அந்நாளில் கோயில் முற்றத்திலே ஆடல் மகளிர் ஆடுவது. தலைவன் பவனி வர, தலைவி கண்டு காமுற்று மெலிய, குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வது. குறி பார்த்தலோ விவிலியம் வெளிப்படையாக விலக்கிய செயல். சிங்கார ரசமும் குறியுமாக உள்ள இவ்வடிவத்தை ஒரு கிறித்தவ உபதேசியார் தீண்டலாமா? அவர் தீண்டினார், தீண்டி அதன் உள்ளீட்டை மாற்றினார். பவனி வருபவர் கிறித்து. அவரைக் கண்டு உருகும் தேவமோகினி, அவருக்கு மணமகளாகிய திருச்சபை. குறி சொல்லும் சிங்கி, விசுவாசம். பறவை பிடிக்க வலை விரிக்கும் சிங்கன், மக்களைத் தேடிச் செல்லும் உபதேசியார். அவன் வலை சுவிசேடம். மீன் பிடிப்போரை மனிதரைப் பிடிப்போராக்குவேன் என்னும் கருத்தில் விவிலியம் கூறியது, நம் நாட்டில் கண்ணி வைக்கும் குறவன் உருவிலே மறுபிறப்பெடுத்தது. தலைவியின் காதலுக்கும் அவர் வெளியே தேடவில்லை. சாலொமோனின் உன்னதப்பாட்டு அவர் வேதத்திலேயே இருந்தது. நம் திருமுறைகளில் நாயகி பாவம் பயின்றவர்க்கு அது புதிதாகவும் தோன்றாது.

இன்னொன்று சொல்லாமல் விடலாகாது. பந்தாடும் இடத்திலும் நாட்டுவளம் கூறும் இடத்திலும் அவர் தரங்கம்பாடிக் கல்வியைக் கொண்டுவந்து வைத்தார். சூரியனை நடுவாக வைத்துக் கோள்கள் சுழல்வதாகிய கொப்பர்னிக்கசின் வானநூல் இக்குறவஞ்சியிலே வருகிறது. கண்டங்களும் தேசங்களும் வருகின்றன. மலைவளம் சொல்லி வந்த குறத்தி உலகவளம் சொல்லலானாள். வியப்பு யாதெனில், சரபோசி மன்னரும் மராத்தி மொழியிலே தேவேந்திரக் குறவஞ்சி என ஒன்று இயற்றி, குறத்தி வாயாலே உலகப் பூகோளம் கூறுவித்தார். ஓராசானின் மாணாக்கர் இருவர், ஒருவர் சைவர், ஒருவர் கிறித்தவர், கூடை சுமந்த ஒரே குறத்தியைப் பூகோள ஆசிரியை ஆக்கினர்! பள்ளிக்கூடத்து நிலப்படத்தை மாணாக்கர் மனத்தில் ஏற்றப் படாதபாடு படும் எம்போன்றோர் இதனைக் கண்டு பொறாமை கொள்ளலாம்.

இந்நூல்களை அவர் ஏட்டோடு வைத்திருக்கவில்லை. தாமும் தம்மவருமாக ஊரூராகச் சென்று பாடிப் பொருள் விரித்தார். சுவிசேடக் கவிராயர், வேதசிரோன்மணி என்னும் பட்டங்கள் வந்தன. சுவார்ட்சு ஐயரின் மாணாக்கராகிய கிறிஸ்தியான் தாவீது அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலே சமயப்பணி புரிந்தார் என்பதை எண்ணும்போது, தஞ்சைக் காற்று கடல் கடந்து நம் பக்கமும் வீசியதை உணரலாம்.

சாஸ்திரியார் எல்லாவற்றையும் தழுவினாரோ எனின், அற்றன்று. சாஸ்திரக் கும்மி என்னும் நூலில் சகுனம், நாள், கோள், பலி முதலியவற்றையும் நம் வழிபாட்டு முறைகளையும் கடுமையாக இடித்துரைத்தார். சைவனாகிய எனக்கு அதிற் சில பகுதிகள் உவப்பாயில்லை. அவர் நம் சமயத்தின் உள்ளுறையை அறிந்து மறுத்தார் என்றும் நான் கொள்ளவில்லை. ஆயினும் அவர் அதனைக் கும்மியிலே பாடியமை நோக்கத்தக்கது. பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டும் பாட்டை அவர் விலக்கவில்லை. அதற்குள் வைத்த பொருளோடே அவருக்கு வழக்கு.

அவரது உரைகல் எது என்பதை விளக்கும் செய்தி ஒன்று வழிவழியாக வழங்கி வருகிறது. அவருடைய பாட்டிலே மகிழ்ந்த சரபோசி மன்னர், பெருவுடையார் மீதும் இவ்வாறொரு நூல் பாடித்தருமாறு கேட்டார் என்றும், சாஸ்திரியார் பணிவோடு மறுத்தார் என்றும், வீட்டில் மனைவியார் அரசர் மனம் கோணாதிருக்கப் பாடிவிடலாமே என்று கூறியபோது, இயேசுவையே துதிக்குமாறு தம் மனத்தை நோக்கிக் கீர்த்தனம் ஒன்று பாடினார் என்றும் கூறுவர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பின்னர்க் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றினார் என்பது இலக்கிய வரலாறு கண்டது. செய்தி எழுத்துக்கெழுத்து நடந்ததோ, பின்னோர் அழகுபடுத்தியதோ, சாஸ்திரியாரின் நூல் முழுமையும் அதற்கு இயைந்தே நிற்கிறது. பாட்டின் மெட்டு யாருடையதாயினும் ஆகுக. பாட்டின் தலைவன் ஒருவனே. அவ்விடத்தில் அவர் அரசனுக்கும் இசையவில்லை. அரசனும் அதற்காக அவரைப் பகைக்கவில்லை. இது மன்னரின் பெருமை.

இங்கே ஒரு சிறு செய்தி. எம் வன்னியிலே கூத்து இன்னும் உயிரோடிருக்கும் கலை. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்து கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இயைந்தது. அருவிச்சிந்தும் பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் வயலோடு பிறந்தவை. சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் படித்த கிறித்தவ மாணவன் ஒருவன் நல்ல குரல்வளம் உடையவன். அயலூர் அண்ணாவியார் அவனைக் கோவலன் கூத்துக்கு அழைத்தார். அவன் சபைப் போதகரோ, காப்புப் பாடிக் களரியில் ஏறுவது தகாது என்று தடுத்துவிட்டார். பையன் என்னிடம் வந்து, ஐயா, நான் என்ன செய்யட்டும் என்றான். சைவனாகிய நான் அவனுக்குப் போ என்பதும் பிழை; போகாதே என்பதும் பிழை. ஆகவே சாஸ்திரியார் கதையைச் சொல்லி, எது மெட்டு, எது வணக்கம் என்று நீயே பிரித்துப் பார் என்றேன். அவன் வேடம் தரிக்கவில்லை. ஆனால் காப்பு முடிந்த பின்னர் வந்து, விடியும்வரை அண்ணாவியார் பின்னே நின்று பிற்பாட்டுப் பாடினான். போதகருக்கும் முழு நிறைவில்லை. அண்ணாவியாருக்கும் முழு நிறைவில்லை. மத்தளகாரருக்கு மட்டும் மகிழ்ச்சி.

இனி, சாஸ்திரியாரின் வாழ்வில் எழுதுகோல் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். அவரைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இதனை ஓரிரு வரியிற் கடந்துவிடுவர். நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை.

சுவார்ட்சு ஐயருக்குப் பின்வந்த மிசனரிமார் வேறு மனப்பான்மையினர். பழைய ஐயர்மார் பொறுத்துப் போனவற்றை இவர்கள் பொறுக்கவில்லை. 1820களில் தஞ்சைச் சபையிலே பூசல் மூண்டது. சாஸ்திரியார் தம் கட்சியினர் சார்பாகக் கூறிய குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் நான்கு. பபிரீசியுசு ஐயரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பை ஒதுக்கி, இரேனியுசு ஐயர் முதலியோர் புதிது செய்ய முற்பட்டமை. திருநாள்களின் அலங்காரத்தையும் கொண்டாட்டத்தையும் விலக்கியமை. ஆராதனையில் தமிழிசையை நீக்கியமை. சாதியாரை ஒன்றாகக் கலந்தமை. இந்நான்கையும் அவர் கொடுமைகள் என்றே கருதினார்.

முதல் மூன்றிலும் அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். நெடுநாள் பழகிய வேத வசனம் மாறும்போது மனம் நோவது இயல்பு. பூவும் பாட்டும் தமிழன் வீட்டில் மகிழ்ச்சியின் அடையாளம்; அவற்றை அஞ்ஞானம் என்று தள்ளியவர்கள் தம் நாட்டுப் பழக்கத்தையே வேதம் என மயங்கினர். கம்பளிச் சட்டைக்கும் விசுவாசத்துக்கும் தொடர்பில்லை என்பதை அவர்கள் உணர நெடுங்காலம் சென்றது. ஆனால் நான்காவது? தஞ்சைக் கோயிலில் வேளாளர் ஒரு பக்கமும், தாழ்த்தப்பட்ட மக்கள் மறு பக்கமும் இருந்து வந்தனர். ஒன்றாக இருந்து ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெறவேண்டும் என்றபோது சாஸ்திரியார் எதிர்த்தார். சாதி வழக்கத்தை ஆதரித்து நூலும் எழுதினார். அது சமயத்தைச் சார்ந்ததன்று. நாட்டு வழக்கம், குலமரியாதை என்பது அவர் வாதம். பாட்டையும் பூவையும் காத்த அதே வாதத்தைச் சாதிக்கும் அரணாக்கினார்.

இதிலுள்ள முரண் கொடியது. எவளை அவர் விசுவாசத்தின் வடிவமாகப் பாடினாரோ, அக்குறத்தி சமுதாயத்தில் யார்? கூடை சுமந்து தெருத்தெருவாகத் திரியும் ஏழை. எவனை உபதேசியாராகப் பாடினாரோ, அச்சிங்கன் யார்? காக்கையும் கொக்கும் பிடித்து உண்பவன். பாட்டிலே அவர்களுக்கு முதன்மை கொடுத்த கைகள், பந்தியிலே அவர்களுக்கு இடம் கொடுக்க மறுத்தன. குறவஞ்சியிலே குறி சொல்லலை நீக்கி விசுவாசத்தை வைக்கத் தெரிந்தவருக்கு, உரைகல் கையில் இருந்தது. மன்னர் கேட்டபோது அதை எடுத்து உரைத்தார். தம் சாதியார் கேட்டபோது எடுக்கவில்லை. அரசனுக்கு அஞ்சாதவர் உறவினர்க்கு அஞ்சினார் என்பதா? அச்சம் என்பதும் சரியன்று. அவர் அதனை ஒரு பொருட்டாகவே காணவில்லை என்பதே உண்மையாகும். அயலார் கூத்தும் பாட்டும் கண்ணுக்குத் தெரியும்; ஆகவே ஆராயப்படும். நாம் பிறந்து வளர்ந்த மேட்டிமை கண்ணுக்குத் தெரியாது.

இதைச் சொல்லிச் சைவராகிய நாம் நெஞ்சு நிமிர்த்துவதற்கு இடமில்லை. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் நுழைய விரும்பிய அடியார்க்கு எதிராக நம்மவருள் நின்றோர் யார் என்பதை நாடறியும். சாஸ்திரியாருக்கு 140 ஆண்டு பிந்தியும் நாம் அதே படியில் நின்றோம்.

பூசலின் விளைவாக மிசன் தொடர்பு அறுந்தது. 1829ஆம் ஆண்டளவில் சரபோசி மன்னர் தம் பழைய தோழரை அரசவைப் புலவராக்கி ஊதியம் வழங்கினார். கிறித்தவச் சபை கைவிட்ட கிறித்தவப் புலவரைச் சைவ மன்னர் தாங்கினார். அதுவும் நீடிக்கவில்லை, 1832இல் மன்னர் மறைந்தார். அடுத்த ஆண்டில் தானியேல் வில்சன் அத்தியட்சர், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சை வேளாளக் கிறித்தவர் பலர் பிரிந்து சென்றனர். சாஸ்திரியாரின் முதுமை வறுமையிலும் மனக்கசப்பிலும் கழிந்தது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

காலம் இரண்டு வழக்கிலும் தீர்ப்பு வழங்கியது. சாதி பற்றி அவர் கூறியதை இன்று அவர் பாட்டைப் பாடுவோரே எடுத்துச் சொல்லக் கூசுவர். தமிழிசை பற்றி அவர் கூறியதோ அவர் வாழ்நாளிலேயே வென்றது. மதுரையிலிருந்த அமெரிக்க மிசனரி எட்வர்டு உவெபு என்பவர், செருமானிய மெட்டும் ஆங்கில மெட்டும் மக்கள் நாவில் ஏறாமை கண்டு, சாஸ்திரியாரின் கீர்த்தனங்களையும் பிறர் பாடியனவற்றையும் தொகுத்து 1853ஆம் ஆண்டில் வெளியிட்டார். புலவருக்கு அப்போது வயது எழுபத்தொன்பதாகியிருந்தது. எந்த வெள்ளை மிசனரிமார் தமிழிசையைக் கோயிலிலிருந்து நீக்கினர் என்று அவர் முறையிட்டாரோ, அவர்கள் இனத்தாரே அதனை அச்சேற்றிக் கோயிலுக்குள் மீளக் கொண்டுவந்தனர். அத்தொகுப்பைத் தொடர்ந்து எழுந்த கீர்த்தனைப் புத்தகங்கள் திருச்சபைகள்தோறும் பரவின. ஈழத்திலோ கத்தோலிக்கர் எஸ்தாக்கியார் நாடகம், ஞானசவுந்தரி, மூவிராசாக்கள் எனக் கூத்து வடிவத்தையே தமதாக்கிக்கொண்டனர். சீர்திருத்தச் சபையார் கூத்துக் களரியை நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கினர். ஆயினும் கீர்த்தனத்தை விட்டாரல்லர். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மார்கழி மாதத்து இரவுகளிற் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் இளைஞர் குழுக்களை நான் கேட்டிருக்கிறேன். கிற்றாரும் ஒலிபெருக்கியுமாக வந்து, சினிமா மெட்டிலே சிலவற்றைப் பாடுவர்; இடையிலே பெரியவர் ஒருவர் சுருதி எடுத்துப் பழைய கீர்த்தனம் ஒன்றைத் தொடங்கினால், கிற்றார்ப் பையனும் தாளம் பிடித்துவிடுகிறான். சினிமா மெட்டைக் கேட்டுச் சினப்போர் உண்டு. நான் சினப்பதில்லை. சாஸ்திரியார் காலத்துச் சினிமா, குறவஞ்சிதானே. ஆனால் மெட்டோடு ஒட்டிக்கொண்டு வருவது யாது என்று அவர் பார்த்த பார்வையைப் பையன்களும் ஒருமுறை பார்க்கலாம்.

வேதநாயகம் சாஸ்திரியார் 1864ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் தஞ்சையிலே காலமானார். தொண்ணூறாம் வயது நடந்துகொண்டிருந்தது. தம்முடன் பயின்ற மன்னரையும், தம்மைத் தாங்கியோரையும், தம்மோடு பொருதோர் பலரையும் அவர் தாண்டி வாழ்ந்திருந்தார். அவர் பாட்டைப் பாடிப் பொருள் சொல்லும் மரபு அவர் மக்கள் வழியிலே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பெத்லகேம் குறவஞ்சியின் சிங்கி அக்குடும்பத்தார் குரலிலே, சபை வேறுபாடின்றிக் கூடியிருந்தோர்க்கு, மீண்டும் மீண்டும் கூடையை இறக்கி வைத்து நாட்டுவளம் சொல்லி வந்தாள்.